மெஷினுக்கு இரண்டு ஆணி போதும்

திருகோணமலை நகரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் ஓடர் எடுப்பதும், எந்த வேலை எப்போது மெஷினில் ஏற வேண்டும் என்று பார்ப்பதும் என் பொறுப்பு. டிசைன் பண்ண ஒரு தம்பி, மெஷின் ஓட்டக் கிண்ணியாவிலிருந்து வரும் நானா (முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), வெட்டு, மடிப்பு, பைண்டிங் பார்க்க இரண்டு அக்காமார், கடதாசி தூக்கவும் டெலிவரிக்கும் ஒரு பெடியன். இவ்வளவுதான் ஆட்கள். முதலாளி ஐயா பின்னேரத்தில் வந்து கணக்குப் பார்ப்பார்.

இந்தச் சின்ன இடத்தில் வேலை ஏன் தேங்கியது, சுவரில் ஒரு பலகையை மாட்டிய பிறகு எப்படி ஓடத் தொடங்கியது என்பதைத்தான் எழுதுகிறேன். தையல் கடை, கராஜ், கணக்காளர் அலுவலகம், மென்பொருள் எழுதும் குழு என்று பல வேலைகள் ஒரே நேரத்தில் பல கைகள் மாறும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

எங்களிடம் வரும் வேலைக்கு ஒரு போக்கு உண்டு. தை, ஆவணி நெருங்கினால் கல்யாணக் கார்ட் குவியும்; ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கார்ட்டும் இல்லை. கோயில் கொடியேற்றத்துக்கு முன் மகோற்சவ விஞ்ஞாபனம், அதாவது திருவிழா அறிவித்தல். நோன்பு பிறக்கும் முன் கிண்ணியா, மூதூர் பக்கத்திலிருந்து ஸஹர், இப்தார் நேர அட்டவணை. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை சீசன். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு மெனு மட்டை, புறாத்தீவுக்குப் படகு விடுபவர்களுக்குத் துண்டுப் பிரசுரம். ஐப்பசிக்குப் பிறகு கலண்டர். வருடம் முழுக்க பில் புத்தகமும் லெட்டர் ஹெட்டும் டியூஷன் வகுப்பு மாதிரி வினாத்தாளும் இருக்கவே இருக்கும். இந்தப் போக்கு எதற்கும் கட்டுப்படாமல் வருவது கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம். காலையில் வீட்டுக்காரர் படத்தோடு வந்தால் மத்தியானத்துக்குள் அது கையில் இருக்க வேண்டும்.

ஆட்கள் சும்மா இருந்ததே இல்லை. மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் சொன்ன தேதிக்கு வேலை போகாது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் அச்சடித்து வெட்டாத கட்டு ஒரு மேசையில், வெட்டி மடிக்காத கட்டு இன்னொரு மேசையில், மடித்து நம்பர் போடாத பில் புத்தகம் நிலத்தில். எல்லாம் தொடங்கியிருக்கும், முடிந்தது குறைவு. போனில் "என்ர வேலை என்ன மாதிரி?" என்று யாராவது கேட்டால் நான் எழுந்து போய் மூன்று பேரிடம் விசாரித்து வர வேண்டும். நேரே வந்து கவுண்டரில் நிற்பவருடைய வேலை எப்படியோ முன்னுக்குப் போய்விடும். அதற்காக நானா ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, அச்சுத் தகடான பிளேட்டைக் கழற்றி, ரோலர் கழுவி, வேறு பிளேட் மாட்டி, கடதாசி சரிபார்த்து ஓட்ட வேண்டும். பிறகு பழையதை மறுபடி ஏற்ற இதே பாடு. இன்னொரு மெஷின் வேண்டும், இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

ஆள் கூட்டுவதற்கு முன், இருக்கும் வேலை எங்கே நிற்கிறது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி செய்து பார்ப்போம் என்று ஐயாவிடம் கேட்டேன். ஒரு பழைய பிளைவூட் பலகைக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மெஷினுக்கும் பைண்டிங் மேசைக்கும் நடுவில் உள்ள சுவரில் மாட்டினோம். இடமிருந்து வலமாக எட்டுப் பத்திகள்: வந்தது, டிசைன், புரூப் வெளியே (வாடிக்கையாளர் சரிபார்க்கப் போன மாதிரி), பிளேட், மெஷின், காயுது, பைண்டிங், ரெடி. ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு மட்டைத் துண்டு. கார்ட் வெட்டி மிஞ்சும் ஓரங்கள் அச்சகத்தில் எப்போதும் கிடக்கும். அவற்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி மேலே ஓட்டை போட்டோம். யாருடையது, என்ன வேலை, எத்தனை பிரதி, என்ன கடதாசி, எந்தத் தேதிக்குத் தேவை, இவ்வளவுதான் அதில் எழுதுவது. வேலை கை மாறும்போது துண்டும் பத்தி மாறும். வேலையை முடித்தவர்தான் துண்டை நகர்த்துவார், நான் தொட மாட்டேன்.

இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்ற பொறியியலாளர் 1950களில் வளர்த்தெடுத்த கான்பான் முறை. அமெரிக்க சுப்பர் மார்க்கெட்டில் தட்டிலிருந்து பொருள் எடுபட்ட பிறகுதான் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். அதுபோல் அடுத்த பிரிவு எடுத்த அளவுக்குத்தான் முந்தைய பிரிவு செய்ய வேண்டும் என்பது அவருடைய யோசனை. 2000களில் டேவிட் ஆண்டர்சன் போன்றவர்கள் இதை மென்பொருள் வேலைக்கு எடுத்துவந்தார்கள். அதற்குப் பிறகு பத்திகள் போட்ட பலகை உலகம் முழுக்க அலுவலகச் சுவர்களில் ஏறியது. ஆனால் பலர் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை, அதாவது ஒரு பத்தியில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை இருக்கலாம் என்ற எல்லையை, விட்டுவிடுகிறார்கள். அளவு இல்லாத பலகை அழகான பட்டியல், அவ்வளவுதான். வேலை தேங்குவதை அது காட்டும், தேங்காமல் தடுக்காது.

எங்கள் பலகையில் அந்த அளவு ஆணியாக இருக்கிறது. டிசைன் பத்தியில் மூன்று ஆணி. மெஷின் பத்தியில் இரண்டு: ஓடிக்கொண்டிருப்பதற்கு ஒன்று, அடுத்து ஏறப்போவதற்கு ஒன்று. பைண்டிங்கில் நான்கு. ஓர் ஆணியில் ஒரு துண்டுதான். அடுத்த பத்தியில் ஆணி காலியாக இல்லாவிட்டால் துண்டை நகர்த்த முடியாது. உங்கள் ஆணியும் காலியாகாது. ஆகவே புதிய வேலை எடுக்கவும் முடியாது. "வந்தது" பத்திக்கு மட்டும் ஆணி இல்லை. ஒரு நைலோன் கயிறு கட்டி உடுப்புக் கிளிப் போட்டிருக்கிறோம், எத்தனை வந்தாலும் தொங்கட்டும். அங்கே தொங்குபவற்றில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இது முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. டிசைன் பண்ணும் தம்பி கெட்டிக்காரன், கை வேகம். அவனுடைய மூன்று துண்டும் முடிந்து, அடுத்த புரூப், பிளேட் பத்திகள் நிரம்பியிருந்ததால் நகர்த்த இடமில்லாமல் நின்றான்.

"அக்கா, நான் சும்மாதானே நிக்கிறன். கயிற்றில இருந்து அடுத்தத எடுக்கட்டா?"

"வேண்டாம் தம்பி. பின்னால போய் அக்காவுக்கு மடிக்க உதவு."

முகம் சுருங்கியது. டிசைன் படித்தவனைக் கடதாசி மடிக்கச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். போய் மடித்தான். பின்னேரத்துக்குள் பைண்டிங்கில் இரண்டு ஆணி காலியாகின, காய்ந்த வேலை அங்கே நகர்ந்தது, மெஷினில் இருந்தது காய வந்தது, பிளேட் மெஷினுக்குப் போனது, புரூப் பிளேட்டுக்கு வந்தது, அவனுடைய ஆணியும் காலியானது. எங்கள் அடைப்பு மெஷினில் இல்லை, பைண்டிங் மேசையில் இருந்தது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இரண்டாவது மெஷின் வாங்கியிருந்தால் அந்த மேசையில் இன்னும் பெரிய குவியல்தான் எழுந்திருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் நிரூபித்தது. ஓர் இடத்துக்குள் சராசரியாக எத்தனை வேலை இருக்கிறதோ, அதை ஒரு நாளைக்கு முடியும் வேலையின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக எடுக்கும் சராசரி நாட்கள் கிடைக்கும். உதாரணத்துக்கு, ஒரு நாளைக்கு 6 வேலை முடிகிறது, உள்ளே 60 வேலை கிடக்கிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் 10 நாள். அதே ஆட்கள், அதே வேகம், உள்ளே 30தான் இருக்கிறது என்றால் 5 நாள். யாரையும் விரட்ட வேண்டியதில்லை, ஓவர்டைம் வேண்டாம். உள்ளே விடுவதைக் குறைத்தால் போதும். ஐயாவுக்கு இதை ஒரு பில் புத்தகத்தின் பின் மட்டையில் எழுதிக் காட்டினேன். கணக்கு என்றால் அவருக்கு விளங்கும். "அப்ப ஓடரைத் திருப்பி அனுப்பச் சொல்றியா பிள்ளை?" என்று கேட்டார். இல்லை, ஓடர் எல்லாம் எடுப்போம், கயிற்றில் தொங்கட்டும், தொடங்குவதை மட்டும் பொறுத்துத் தொடங்குவோம் என்றேன். தலையாட்டினார்.

காலை ஷட்டர் திறந்ததும் எல்லோரும் பலகைக்கு முன் நிற்போம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். வலது பக்கத்திலிருந்து தொடங்குவோம், அதாவது முடிவுக்குக் கிட்ட இருக்கும் வேலையிலிருந்து. "நேற்று நீ என்ன செய்தாய்" என்று ஆளைக் கேட்பதில்லை. "இந்தத் துண்டு நகர என்ன வேண்டும்" என்றுதான் கேட்போம். கேள்வி வேலையைப் பற்றி இருந்தால் பதில் நேராக வரும். ஆளைப் பற்றி இருந்தால் சாட்டுத்தான் வரும்.

நேற்றிலிருந்து நகராத துண்டில் நான் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். மூன்று புள்ளி விழுந்தால் அதைப் பற்றிக் கதைத்தே ஆக வேண்டும். இந்தப் புள்ளிகள்தான் எங்களுக்குப் பெரிய உண்மையைக் காட்டின. மெஷினிலும் பைண்டிங்கிலும் புள்ளி குறைவு. "புரூப் வெளியே" பத்தியில் தட்டம்மை போட்ட மாதிரி. ஒரு கல்யாணக் கார்ட் துண்டின் ஓரம் முழுக்கச் சிவப்பு. விசாரித்தால், பெண்ணின் சித்தப்பா கனடாவில், அவர் பெயர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் வேலைக்குப் போய் வர எங்களுக்கு விடிந்துவிடும். பிறகு அவர் ஒரு திருத்தம் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் இன்னொன்று சொல்ல, மறுபடி ஒரு சுற்று. வாடிக்கையாளர் எங்களைத் திட்டும் தாமதத்தில் பெரும்பகுதி அவர் வீட்டு மேசையில் நடக்கிறது.

இதை யார் மீதும் குற்றமாகச் சொல்ல முடியாது. கல்யாணக் கார்டில் ஒரு பெயர் விடுபட்டால் குடும்பமே கதைக்காமல் போகும், நிதானமாகத்தான் பார்க்க வேண்டும். அதனால் ஓடர் எடுக்கும் விதத்தை மாற்றினோம். இப்போது "ஓடர் தந்து இத்தனை நாள்" என்று சொல்வதில்லை. "நீங்கள் புரூப் சரி என்று வட்ஸ்அப்பில் எழுதிய நாளிலிருந்து இத்தனை நாள்" என்று சொல்கிறோம், ரசீதிலும் அதையே எழுதுகிறோம். வாயால் சொன்ன சரி செல்லாது. வீட்டில் யார் கடைசியாகப் பார்த்துச் சொல்வார் என்று ஓடர் எடுக்கும்போதே கேட்டு, அவருக்கே நேரடியாகப் புரூப் அனுப்புகிறோம். மூன்று மொழியில் வரும் வேலைக்கு மூன்று பேர் பார்க்க வேண்டும். சிங்களம் சரிபார்க்க யாரிடம் கொடுப்பது என்பதை அதே துண்டில் எழுதிவிடுகிறோம். இந்த ஒன்றால் மட்டும் அந்தப் பத்தி பாதிக்கு மேல் வெளித்தது.

அடுத்தது எதை முதலில் எடுப்பது என்ற கேள்வி. முன்னுரிமை என்று பேச்சு எடுத்தாலே நான்கு பெட்டிப் படம் ஒன்றைக் காட்டுவார்கள்: அவசரம், முக்கியம். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 1954இல் ஓர் உரையில் இந்த இரண்டையும் பிரித்துப் பேசினார். பெட்டிகள் பிறகு வந்தவை. ஒரு மனிதர் தன் நாளைத் திட்டமிட அது நல்லது. எங்கள் மாதிரி இடத்துக்குப் போதாது என்பது என் கருத்து. காசு தந்த ஒவ்வொருவருக்கும் தன் வேலை முக்கியம், ஒவ்வொருவருக்கும் அவசரம். நான்கு பெட்டியில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய் விழும். பிந்தினால் என்ன நடக்கும் என்று கேட்டால்தான் வேலைகள் பிரிகின்றன.

அப்படிக் கேட்டுத்தான் துண்டின் நிறத்தைப் பிரித்தோம். சிவப்பு, மரண வீட்டு வேலை. சுடலைக்குக் கொண்டுபோன பிறகு அஞ்சலிப் பிரசுரத்தால் யாருக்கும் பயன் இல்லை. சிவப்பு வந்தால் எல்லா ஆணியையும் தாண்டிப் போகலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஒரு சிவப்புதான். வேறு எந்த வேலைக்கும் எவருக்காகவும் சிவப்பு இல்லை. முதலாளி ஐயாவின் சொந்தக்காரருக்கும் இல்லை. இந்த விதியைக் காப்பாற்ற முடியாவிட்டால் பலகையைக் கழற்றி வைப்பது நல்லது.

மஞ்சள், நாள் குறித்த வேலை. கல்யாணக் கார்ட், விஞ்ஞாபனம், நோன்பு அட்டவணை, மரணத்தின் 31ஆம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலர். நினைவு மலரைக் கல்வெட்டு என்றும் சொல்வார்கள். இவற்றில் அந்த நாள் தாண்டினால் அச்சடித்தது குப்பை. ஆனால் நாள் முன்கூட்டியே தெரியும், ஆகவே பதற்றம் தேவையில்லை. கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நாளில் தொடங்காவிட்டால் பிசகும் என்பதைத் துண்டின் மேல் மூலையில் பெரிதாக எழுதுகிறோம். அந்தத் தொடக்க நாள்தான் எங்களுக்கு முக்கியம், கொடுக்கும் நாள் அல்ல. நினைவு மலரில் கட்டுரை, படம், வம்சாவளி எல்லாம் பல பேரிடமிருந்து வர வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டை நாங்கள் அவசரப்படுத்தவும் முடியாது. அதற்குத் தொடக்க நாள் மிகவும் முன்னால் இருக்கும். கல்யாணக் கார்டுக்கும் அப்படித்தான். கல்யாண நாளைப் பார்க்கக் கூடாது, கார்ட் கொடுக்க வீடு வீடாகப் போகத் தொடங்கும் நாளைக் கேட்க வேண்டும்.

வெள்ளை, வரிசை வேலை. பில் புத்தகம், லெட்டர் ஹெட், மெனு. முதலில் வந்தது முதலில். யார் போன் எடுத்தாலும் வரிசை மாறாது. பச்சை, பராமரிப்பு வேலை. பிந்தினால் இன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒரு நாள் அது எல்லாவற்றையும் நிறுத்தும்: மெஷினுக்கு எண்ணெய், ரோலர் சரிபார்ப்பு, கட்டரின் கத்தி தீட்டுதல், பழைய டிசைன்களை ஒழுங்காகச் சேமித்து வைத்தல். பச்சைக்கு மெஷின் பத்தியில் தனியாக ஓர் ஆணி கொடுக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் முழுக்க அதற்குத்தான். அந்த நேரத்துக்கு வேறு துண்டு ஏறக் கூடாது. இதை நானாதான் கேட்டு வாங்கினார், அவர் கேட்டது சரி.

நிறம் சொல்லும் வரிசையோடு இன்னொரு வரிசையும் இருக்கிறது, அதை நான் கொஞ்சம் பிந்தித்தான் நானாவிடமிருந்து விளங்கிக்கொண்டேன். எங்களுடையது ஒரு கலர் மெஷின். நாலு கலர் வேலை என்றால் நாலு பிளேட், நாலு தடவை ஓட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் ரோலர் கழுவ வேண்டும். மஞ்சளிலிருந்து கறுப்புக்குப் போகும்போது லேசாகக் கழுவினால் போதும். கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு வரும்போது சொட்டுக் கறுப்பு இருந்தாலும் மஞ்சள் பச்சையாகிவிடும். "தங்கச்சி, கறுப்பு வேலையெல்லாம் பின்னேரத்துக்கு விடுங்க. காலையில கலர் ஓட்டித் தாறேன், ஒருக்காத்தான் நல்லாக் கழுவ வேணும்" என்றார். துண்டின் கீழே மைப் பேனையால் கலர் அடையாளம் போடத் தொடங்கினோம். வெள்ளைத் துண்டுகளுக்குள் மட்டும் நானா தன் விருப்பத்துக்கு மாற்றி எடுக்கலாம். நல்ல ஒழுங்கு என்பது மேசையில் இருந்துகொண்டு நான் போடுவது இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்ததைப் பலகையில் ஏற்றுவது.

2022இல், நாட்டின் பொருளாதார நெருக்கடியின்போது, இந்தப் பலகை எங்களைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. எழுத்து எழுத்தாக வலயம் பிரித்து அட்டவணை வரும். டீசலுக்குக் கியூ, அதனால் ஜெனரேட்டரை நம்ப முடியாது. கடதாசியும் இல்லை, அந்த மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. நாங்கள் செய்தது சின்ன விஷயம். பலகையை நடுவில் ஒரு கோடு போட்டு மேல், கீழ் என்று பிரித்தோம். மேலே கரண்ட் வேண்டிய வேலை: மெஷின், கட்டர், நம்பர் போடுவது. கீழே கையால் முடிவது: மடிப்பு, பின் அடிப்பது, பசை, எண்ணிக் கட்டுவது. டிசைனுக்கு லப்டொப் பற்றரி இருக்கும் வரை நேரம். கரண்ட் வரும் நேரத்தில் யாரும் கை வேலை செய்யக் கூடாது, தம்பி உட்பட எல்லோரும் மெஷினையும் கட்டரையும் சுற்றி. கரண்ட் போனால் எல்லோரும் மேசைக்கு. கரண்ட் வந்த பிறகு "எது ஏற்றுவது" என்று யோசித்துக்கொண்டு நின்ற நேரம் கிடையாது. பிளேட் முதலே மாட்டி, கடதாசி அடுக்கி, சுவிட்ச் போடுவதற்குத் தயாராக இருக்கும். அந்தக் கோடு இன்றைக்கும் இருக்கிறது. மாரியில் லைன் போகும் நாட்களில் அப்படியே பயன்படுத்துகிறோம்.

மாரி என்றதும் "காயுது" பத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சகத்துக்கு வெளியே இருப்பவர்கள் இதை ஒரு வேலையாகவே நினைக்க மாட்டார்கள். வாடைக் காற்று தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறினால் கடதாசி நீர் குடித்து ஓரம் அலை போல நெளியும், மை காய நேரம் எடுக்கும். காயாமல் அடுக்கினால் மேல் தாளின் முதுகில் கீழ்த் தாளின் மை ஒட்டும். கலண்டர் ஓடர் எல்லாம் இந்தக் காலத்தில்தான். காத்திருப்புக்கு ஒரு பத்தி கொடுத்ததால் "அடிச்சு முடிஞ்சுதானே, ஏன் தரேல்ல?" என்று கேட்பவருக்குக் காட்ட முடிகிறது, திட்டமிடும்போது அந்த நேரத்தையும் சேர்க்க முடிகிறது. உங்கள் தொழிலிலும் இப்படி யாரும் கை வைக்காத, ஆனால் நாள் போகும் ஒரு கட்டம் இருக்கும். வங்கி அனுமதி, மேலதிகாரி கையெழுத்து, பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டியது. அதைத் தனிப் பத்தியாக வையுங்கள்.

நானாவும் அக்காமாரும் தொடக்கத்தில் பலகையை விலகி நின்று பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அது நியாயமான காரணம். "ஆர் எவ்வளவு செய்யினம் எண்டு ஐயாவுக்குக் காட்டவா பிள்ளை இது?" என்று மூத்த அக்கா நேரே கேட்டார். அன்றைக்கே ஐயாவை வைத்துக்கொண்டு பேசி முடிவு எடுத்தோம். துண்டில் வேலை செய்பவர் பெயர் எழுதுவதில்லை. யார் எத்தனை துண்டு முடித்தார் என்று எண்ணுவதில்லை. சிவப்புப் புள்ளியை வைத்து யாருக்கும் சம்பளமோ பேச்சோ இல்லை. பயம் வந்தால் ஆட்கள் துண்டை முடியாமலே நகர்த்துவார்கள், இல்லையென்றால் கஷ்டமான வேலையைத் தொடாமல் விடுவார்கள். பலகை பொய் சொல்லத் தொடங்கினால் அதற்குப் பிறகு அதைப் பார்த்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. இதை மேலாளராக இருப்பவர்கள் தயவு செய்து கவனியுங்கள். பலகையைக் கண்காணிப்புக் கமெராவாக ஆக்கிவிடாதீர்கள்.

ட்ரெலோ மாதிரிச் செயலிகள் இருக்கும்போது எதற்கு ஆணியும் மட்டையும் என்று தம்பி கேட்டான். ட்ரெலோ 2011இல் வந்தது, இலவசமாகவே தொடங்கலாம், வெவ்வேறு இடத்திலிருந்து வேலை செய்பவர்களுக்கு அதுதான் வழி. நாங்கள் ஆறு பேரும் ஒரே கூரையின் கீழ். மை பிடித்த கையோடு நானா போனைத் தொட முடியாது, துண்டைத் தொடலாம். பெரிய பலகை யாரும் திறக்காமலே கண்ணில் படும், போனுக்குள் இருப்பதைத் திறந்தால்தான் தெரியும். பின்னேரம் மூடும்போது பலகையைப் படம் எடுத்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். வீட்டிலிருந்து யாராவது வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல அது போதும். உங்களில் பாதிப் பேர் கொழும்பிலும் பாதிப் பேர் இங்கேயும் என்றால் செயலிக்குப் போங்கள், ஆனால் அங்கேயும் பத்திக்கு அளவு வையுங்கள்.

கடைசியாகச் சேர்த்தது கடதாசிக்கான மட்டை. இதை டெலிவரிப் பெடியனிடம் முழுதாக ஒப்படைத்திருக்கிறோம், ஓனோவின் முறைக்கு இதுதான் மிகவும் நெருக்கம். 80 கிராம் வெள்ளை, பில் புத்தகத்துக்குக் கார்பன் வைக்காமலே நகல் விழும் கடதாசி, கார்டுக்கு ஆர்ட் மட்டை, ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் ஒரு சிவப்பு மட்டை சொருகியிருக்கும். எடுத்துக்கொண்டே போய் அந்த மட்டை வெளியே தெரிந்தால் அவன் அதை உருவி என் மேசைக்கு மேலே உள்ள கொக்கியில் மாட்டுவான். கொக்கியில் மட்டை இருந்தால் நான் அன்றைக்கே கொழும்புக்கு ஓடர் சொல்ல வேண்டும். லொறி வந்து அடுக்கியதும் மட்டை மறுபடி உள்ளே போகும். முன்பு கடதாசி முடிந்தது தெரிய வருவது மெஷினில் ஏற்றப் போகும்போதுதான். மட்டையை எந்த உயரத்தில் வைப்பது என்பதை அந்தப் பெடியனே பழகிக்கொண்டான்: லொறி வர எத்தனை நாள் ஆகும், அந்த நாட்களுக்குள் எத்தனை ரீம் போகும் என்று பார்த்து, அதற்கு மேல் ஒரு ரீம் கூட்டி வைக்கிறான். சித்திரைப் புதுவருடத்துக்குக் கொழும்புக் கடைகள் மூடும், மாரியில் கந்தளாய்ப் பக்கம் வீதி பிசகினால் லொறி பிந்தும். அதனால் அந்த இரண்டு காலத்துக்கும் முன்னால் மட்டைகளை இன்னும் இரண்டு ரீம் மேலே ஏற்றி வைக்க வேண்டும் என்று அவன் எனக்குச் சொல்கிறான், நானும் கொள்வனவுக் காசை அதற்கேற்றபடி ஐயாவிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன்.